குப்பை நிலமும் அதைச் சுற்றிய காணியும்: வாசகர் கேள்வி பதில்

வன்னியில் குப்பை கொட்டப் புதிய இடம் தேடுவதும் பழைய இடத்தை விரிவாக்குவதும் பல பிரதேசங்களில் பேச்சாக இருப்பதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருந்தன. ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

*ஊருக்குப் பக்கத்துப் பற்றைக்காட்டைக் குப்பை கொட்டக் கேட்டிருக்கிறார்கள். கடைசி வீட்டுக்கு 100 மீற்றர் விட்டால் போதும் என்கிறார்கள். சட்டத்தில் உள்ள தூரம் எவ்வளவு?*
வாசகர், வவுனியா மாவட்டம்

ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. தூரக் கணக்கு பல சட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. குப்பையைச் சேகரித்து, யாருக்கும் தொல்லை வராமல் அகற்றுவது சபையின் கடமை என்று 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93 முதல் 95 வரையான பிரிவுகள் சொல்கின்றன. மீற்றர் கணக்கு அங்கே இல்லை. அது வருவது தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993 ஜூன் 24 இல் வெளியான 772/22 ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில்.

நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேல் குப்பை ஏற்கும் இடத்துக்குச் சுற்றாடல் ஆய்வும் அனுமதியும் வேண்டும் என்கிறது அந்த வர்த்தமானி. வன்னியில் எந்தச் சபையும் 100 தொன்னை நெருங்காது. அதனால் "எங்களுக்கு இது பொருந்தாது" என்று கூட்டங்களில் சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் பிழை. அதே வர்த்தமானியின் மூன்றாம் பகுதியில் சில இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. பொதுக் குளமொன்றின் உயர் வெள்ள மட்டத்திலிருந்து 100 மீற்றருக்குள், ஓரிடத்திலாவது 25 மீற்றருக்கு மேல் அகலமுள்ள ஆற்றின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள், வனச் சட்டத்தின் கீழ் பிரகடனமான காட்டின் எல்லையிலிருந்தோ சரணாலயத்தின் எல்லையிலிருந்தோ 100 மீற்றருக்குள் என்பவை அவற்றில் சில. இப்படியான இடத்தில் வந்தால் குப்பையின் அளவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அனுமதி தேவை. தேசிய பூங்கா போன்ற தேசிய ஒதுக்கிடமொன்றின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் என்றால் வனசீவராசிகள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியும் வேண்டும். குளமும் காடும் பக்கத்தில் இல்லாத காணி வன்னியில் எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கான தூரம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை அந்தக் குறிப்பிட்ட இடத்துக்குத் தரும் சிபாரிசிலும் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளிலும் எழுதப்படும். ஆகவே "சட்டம் என்ன சொல்கிறது" என்று கேட்பதைவிட, "இந்தக் காணிக்கான சிபாரிசுக் கடிதத்தில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது" என்று கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுத் திண்மக்கழிவு விதிகள் ஆற்றிலிருந்து 100 மீற்றரும், குளம், குடியிருப்பு, நெடுஞ்சாலை, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீற்றரும் கேட்டன. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பேசும் மேசையில் வைக்கத்தக்க அளவு.

எதிலிருந்து எதுவரை அளக்கிறார்கள் என்பதையும் விடாதீர்கள். இன்று கொட்டும் குவியலின் ஓரத்திலிருந்து அளந்து 100 மீற்றர் என்று காட்டிவிட்டு, ஐந்து வருடத்தில் குவியல் 60 மீற்றர் நகர்ந்தால் மிஞ்சுவது 40 மீற்றர். திட்டம் முடியும்போது குப்பை எட்டப்போகும் கடைசி ஓரத்திலிருந்து, உங்கள் வளவின் எல்லை வரை அளக்க வேண்டும். வீட்டுச் சுவர் வரை அல்ல. கிணறும் மலசலகூடமும் நாளைக்கு மகன் கட்டப்போகும் வீடும் வளவுக்குள்தான் வரும்.

அந்த இடைவெளி நிலம் யாருடையது என்பது இன்னும் பெரிய கேள்வி. அது சபை பெறும் காணிக்குள்ளேயே இருக்க வேண்டும். அயலவரின் காணியைத் தாங்கு வலயம் என்று வரைபடத்தில் நிறம் தீட்டுவது நியாயமும் இல்லை, நிலைக்கவும் மாட்டாது. கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 10 தொன் குப்பையை அப்படியே புதைத்தால் வருடத்துக்கு 3,650 தொன். நன்றாக மிதித்து இறுக்கினாலும் கன மீற்றருக்கு அரைத் தொன் என்றே வைக்க வேண்டும், ஆகவே 7,300 கன மீற்றர். மூடும் மண்ணையும் சேர்த்தால் ஏறக்குறைய 8,800. சராசரி 5 மீற்றர் உயரத்தில் 10 வருடத்துக்கு 4 ஏக்கருக்குச் சற்று மேல் தேவை. அந்த 4 ஏக்கரைச் சதுரமாக எடுத்துச் சுற்றிவர 50 மீற்றர் விட்டால் மொத்தம் கிட்டத்தட்ட 13 ஏக்கர். 100 மீற்றர் விட்டால் 26 ஏக்கர். "5 ஏக்கர் தாருங்கள், 100 மீற்றர் இடைவெளி விடுவோம்" என்று யாராவது சொன்னால், அந்த இடைவெளியை உங்கள் காணியில் விடப்போகிறார்கள் என்று அர்த்தம். உக்கும் கழிவைப் பிரித்துப் பசளையாக்கினால் புதைக்கும் அளவு பாதிக்கு மேல் குறையும், காணித் தேவையும் அதோடு குறையும். 26 ஏக்கர் கிடைக்காத இடத்தில் சபை முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

*தெரிவு செய்திருப்பது கைவிடப்பட்ட கிறவல் கிடங்கு. ஏற்கனவே குழியாக இருப்பதால் செலவு குறைவு என்கிறார்கள். கிழக்கே 300 மீற்றரில் ஒரு சிறு குளம், அதற்குக் கீழே இன்னும் இரண்டு குளங்கள். பொருத்தமா?*
விவசாய அமைப்புச் செயலாளர், முல்லைத்தீவு மாவட்டம்

பெரும்பாலும் பொருந்தாது. குழி இருப்பது நன்மை போலத் தோன்றும். கிறவல் எடுக்கும்போது மேலிருந்த களிச் செம்மண் முழுவதும் போய், தரை உக்கிய பாறைக்கு மிக அருகே வந்துவிடுகிறது. வன்னியின் கிழக்கிலும் நடுவிலும் கிணற்று நீர் தங்குவது அந்த உக்கிய பாறைப் படையிலும் அதற்குக் கீழுள்ள பாறை வெடிப்புகளிலும்தான். குப்பை ஊறல் நீரை வடிகட்டக்கூடிய மண்ணை அள்ளி எறிந்துவிட்டு, நேரே கிணற்று நீரின் தலைமேல் குப்பையை வைப்பதாகிறது. வெடிப்பு வழியே போகும் ஊறல் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகும் என்று மேலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது.

முதல் சோதனைக்குப் பணம் வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் கிடங்கில் நீர் நிற்கிறதா என்று பாருங்கள். மழை விட்டுப் பல நாட்களுக்குப் பிறகும் வற்றாமல் நின்றால், அது பெரும்பாலும் நிலத்தடி நீரே. அந்த இடம் அதோடு கழிந்தது. சபைகள் சோதனைக் குழி வெட்டுவது பெரும்பாலும் ஆடி, ஆவணியில். வாகனம் போக வசதியான காலம் அது, ஆனால் கிணறுகள் அடிமட்டத்தில் இருக்கும் காலமும் அதுவே. "3 மீற்றர் வெட்டினோம், நீர் இல்லை" என்ற அறிக்கைக்கு அப்போது மதிப்பில்லை. கோடையில் வெட்டத்தான் வேண்டுமென்றால் குழிச் சுவரின் மண் நிறத்தைப் பதியச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் துருப்பிடித்த புள்ளிகள் எந்த ஆழத்தில் தொடங்குகின்றனவோ, மாரியில் நீர் அந்த உயரம் வரை ஏறுகிறது என்று கொள்ளலாம். அடியில் போடும் களிமண் படையின் கீழ்ப்பக்கத்துக்கும் மாரிகால நீர்மட்டத்துக்கும் இடையில் குறைந்தது 2 மீற்றர் இருக்க வேண்டும் என்பது மேலே சொன்ன இந்திய விதியின் அளவு. நமது ஆழமற்ற நீர்மட்டத்துக்கு அதற்குக் குறைவாக ஒப்புக்கொள்ளக் கூடாது.

வன்னிக்கென்று ஒன்றும் சேர்க்க வேண்டும். குழி வெட்டுமுன் அந்தக் காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட பகுதியா என்பதை எழுத்தில் பெறுங்கள். மேற்பரப்புத் துப்புரவு மட்டும் நடந்த காணியில் இயந்திரம் ஆழமாக வெட்டக் கூடாது.

அடித்தளம் அமைப்பதானால் 90 சென்ரிமீற்றர் களிமண், அதன்மேல் 1.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள எச்.டி.பி.ஈ. (அடர் பொலித்தீன்) விரிப்பு, அதன்மேல் ஊறலைச் சேர்க்கும் கல் படையும் குழாயும். களிமண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேலால் உருளை ஓட்டினால் அடிப்பகுதி இறுகாது. 15 முதல் 20 சென்ரிமீற்றர் படைகளாகப் போட்டு, சற்று ஈரமாக வைத்து, ஒவ்வொரு படையையும் தனித்தனியே இறுக்க வேண்டும். எதிர்பார்க்கப்படும் நீர்க்கசிவு வினாடிக்கு ஒரு சென்ரிமீற்றரின் கோடியில் ஒரு பங்கு, அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர். ஆய்வுகூட அறிக்கை இல்லாமல் "நல்ல களி" என்று கையால் உருட்டிப் பார்த்து முடிவெடுக்க முடியாது. விரிப்பு போட்ட பிறகு பல மாதம் வெயிலில் விட்டு, மாடு மிதித்து, பொருத்துகள் விலகிப் போவதும் நடக்கும். விரித்த கையோடு கல் படை போடத் திட்டமில்லாவிட்டால் விரிக்காமல் வைத்திருப்பதே மேல்.

இனிக் குளத்துக்கு வருவோம். 300 மீற்றர் என்றால் வர்த்தமானியின் 100 மீற்றர் எல்லைக்கு வெளியேதான். ஆனாலும் கேட்க வேண்டியது குப்பைமேல் விழும் மழைநீர் எங்கே போகிறது என்பது. ஓர் ஏக்கரில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 4 இலட்சம் லீற்றர் நீர். வாடைமழைக் காலத்தில் ஒரே நாளில் அவ்வளவு பெய்வது வன்னிக்குப் புதிதல்ல. 4 ஏக்கர் குப்பையும் திறந்து கிடந்தால் 16 இலட்சம் லீற்றரும் ஊறலோடு சேரும், எந்தத் தொட்டியும் கொள்ளாது. உங்கள் மேல் குளத்தின் அலைகரைக்குள் அது இறங்கினால் வான் பாயும்போது அடுத்த குளத்துக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. தொடர் குளங்களின் தலையில் குப்பை வைத்தால் மூன்று குளத்துக்கும் கீழுள்ள வயல், மீன், மாடு, கிணறு எல்லாம் ஒரே நீரைப் பங்கிடும்.

எனவே குளத்தொடரின் நீரேந்து பகுதிக்குள் இடம் பார்ப்பதையே தவிர்க்க வேண்டும். மேட்டின் முதுகை ஒட்டிய மெல்லிய சரிவு நல்லது, ஏனென்றால் வெளிநீர் வந்து சேராது, நீர்மட்டமும் ஆழமாக இருக்கும். மேற்பக்கத்தில் வெளிநீரைத் திருப்பும் வாய்க்கால், திறந்து கொட்டும் முகம் ஒரு நாளைக்கு வேண்டிய அளவு மட்டும், மீதி முழுவதும் மண் மூடி, மாரி தொடங்குமுன் 40 முதல் 65 சென்ரிமீற்றர் இடைக்கால மண்மூடல் என்றால் ஊறலின் அளவு பெருமளவு குறையும். உங்கள் குளம் 80 ஹெக்டெயருக்குக் குறைந்த வயலுக்குப் பாய்வதானால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு, கூடினால் நீர்ப்பாசனத் திணைக்களம். விவசாய அமைப்பின் ஆட்சேபனையை இடத்தெரிவு நடக்கும்போதே அந்தத் திணைக்களத்தின் ஊடாக அனுப்புங்கள். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் தீர்மானமான பிறகு அனுப்பினால் பதில் தாமதமாகும்.

*முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களிமண் இயற்கையான விரிப்பு என்கிறார்களே?*
ஆசிரியர், மன்னார் மாவட்டம்

ஈரமாக இருக்கும்வரை. அந்த மண் மழையில் வீங்கி இறுகும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். வெடிப்புகள் அரை மீற்றருக்கும் கீழே போகும். கோடை முடிவில் விழும் முதல் மழை, களி வீங்கி மூடுமுன் அந்த வெடிப்புகள் வழியே நேரே இறங்கும். குப்பையின் முதல் கழுவலும் அதோடுதான் போகும். மன்னார்ப் பக்கத்தில் கீழே சுண்ணக்கல் இருக்கும் இடமென்றால் அபாயம் இரட்டிப்பு. கரைந்து துளைபட்ட சுண்ணக்கல்லுக்குள் நீர் வடிபடாமல் ஓடும். துணுக்காய்ப் பக்கத்திலும் இதே களி உண்டு. அடித்தளம் கட்ட இந்தக் களியை அள்ளிப் பயன்படுத்தலாம். ஆனால் இறுக்கிய படை ஒரு நாளும் காயாமல் மூடி வைக்க வேண்டும்.

*எனக்கு உறுதிக் காணி 2 ஏக்கர். பக்கத்தில் குப்பை நிலம் வரப்போவதால் வீட்டுக்கு அனுமதி தர முடியாது என்று வாய்ச்சொல்லாகச் சொன்னார்கள். சரியா?*
வாசகர், கிளிநொச்சி மாவட்டம்

வாய்ச்சொல்லுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை, ஐயா. கட்டட விண்ணப்பத்தைப் படத்தோடு எழுத்தில் கொடுங்கள், மறுப்பானால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். உங்கள் காணி நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரகடனமான பகுதிக்குள் வந்து, அங்கீகரிக்கப்பட்ட அபிவிருத்தித் திட்டத்தில் அந்தத் துண்டு கட்டடம் தடுக்கப்பட்ட வலயமாகக் காட்டப்பட்டிருந்தால் மறுப்புக்கு ஒரு அடிப்படை உண்டு. திட்டப் படத்தை நேரில் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

அப்படி இல்லாமல் சபைக்கு அந்த நிலம் இடைவெளியாக வேண்டுமானால், அதைப் பெறுவதற்கு வழி 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம். 2 ஆம் பிரிவு அறிவித்தல் வரும், அது அளந்து பார்ப்பதற்கு மட்டும். 4 ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் ஆட்சேபனைக்குக் குறைந்தது 14 நாள் தரப்படும், அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள். 7 ஆம் பிரிவில் நட்டஈட்டுக் கோரிக்கை. கிணறு, வேலி, பயன்மரம் எல்லாவற்றையும் படத்தோடு பட்டியலிடுங்கள். இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் இப்போதே பிரதி எடுத்து வையுங்கள். அறிவித்தல் வந்தபின் தேடத் தொடங்கினால் நாள் போதாது.

*இடைவெளி நிலத்தைச் சும்மா விடாமல் ஏதாவது நடலாமா? எந்தப் பக்கம் கூட விட வேண்டும்?*
வாசகர், வவுனியா மாவட்டம்

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். குப்பை காய்ந்து தீப்பிடிப்பதும் அந்தக் காலத்தில்தான். ஆகவே புகை வடகிழக்குப் பக்கத்துக்குப் போகும், அந்தப் பக்கத்தில் இடைவெளி கூட வேண்டும். கார்த்திகையிலிருந்து மாசி வரை வாடைக்காற்று மணத்தைத் தென்மேற்கே தள்ளும். நான்கு பக்கமும் ஒரே அளவு இடைவெளி விடுவது படத்துக்கு அழகு, காற்றுக்குப் பொருந்தாது. வேம்பு, பூவரசு, முதிரை, பனை நடலாம். தென்னை, வாழை, மரக்கறி, மாட்டுக்குப் புல் வேண்டாம். குப்பைக்கும் முதல் மர வரிசைக்கும் இடையில் 10 மீற்றர் வெறும் தரையாகச் செதுக்கி வைத்தால் தீ தாண்டாது, தண்ணீர் பவுசரும் சுற்றி ஓடலாம்.

*எந்தெந்தக் கடிதங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்?*
கிராம அபிவிருத்திச் சங்கம், முல்லைத்தீவு மாவட்டம்

நில அளவைப் படம், பிரதேச செயலகத்தின் காணி விடுவிப்புக் கடிதம், காடாக இருந்தால் வன பரிபாலனத் திணைக்களத்தின் விடுவிப்பு, சுற்றாடல் அதிகாரசபையின் சிபாரிசு, மண்ணும் நீர்மட்டமும் பற்றிய அறிக்கை. நில அளவைப் படத்தில் இடைவெளி நிலம் தனித் துண்டாக இலக்கமிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இலக்கம் இல்லாத இடைவெளி சில வருடத்தில் காணிக் கச்சேரியில் அனுமதிப்பத்திரமாகப் பிரிந்து போகும். பிறகு அங்கே குடியேறும் ஏழைக் குடும்பத்தின் தலையில்தான் எல்லாம் விழும். தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். மறுப்பானால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு.

*கிணற்று நீர் கெட்டுவிட்டதா என்று எப்படி நிரூபிப்பது?*
வாசகர், கிளிநொச்சி மாவட்டம்

குப்பை வருமுன் எடுத்த ஒரு அறிக்கை கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வன்னி நீரில் இயற்கையிலேயே கடினத்தன்மையும் பல இடங்களில் புளோரைட்டும் அதிகம், அதைக் காட்டி "இது எப்போதும் இப்படித்தான்" என்று சொல்லிவிடலாம். ஆகவே மாரியில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக, குப்பைக்கு மேட்டுப்பக்கக் கிணறு ஒன்றிலும் பள்ளப்பக்கக் கிணறு இரண்டிலும் ஒரே நாளில் மாதிரி எடுங்கள். மின்கடத்துதிறன், குளோரைட், அமோனியா, நைத்திரேற்று, இரசாயன ஒட்சிசன் தேவை (நீரிலுள்ள கழிவின் அளவைக் காட்டுவது), ஈ.கோலி (மலக்கிருமி) ஆகியவற்றைக் கேளுங்கள். இலங்கைக் குடிநீர்த் தரம் எஸ்.எல்.எஸ். 614 இன்படி நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கும் குளோரைட் 250 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது, 100 மில்லிலீற்றரில் ஈ.கோலி இருக்கவே கூடாது. நைத்திரேற்று மட்டும் கூடினால் யூரியாவோ மலசலக்குழியோ காரணமாகலாம். பள்ளப்பக்கக் கிணறுகளில் மட்டும் அமோனியா, குளோரைட், ஒட்சிசன் தேவை மூன்றும் சேர்ந்து ஏறினால் குப்பையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

குழாய்க்கிணற்றில் 10 நிமிடம் இறைத்துவிட்டுப் போத்தலைப் பிடியுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தல் மட்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முன்னிலையில் எடுத்தால் பிறகு யாரும் மறுக்க முடியாது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ் பொதுத்தொல்லை என்று நீதவான் நீதிமன்றம் போகும்போது இந்த அறிக்கைகளே சாட்சி.

*பழைய குப்பை மேட்டை மூடி விளையாட்டுத் திடலாக்கலாமா? யானையும் வந்து கிளறுகிறது.*
இளைஞர் கழகம், வவுனியா மாவட்டம்

யானையை முதலில் பார்க்க வேண்டும். உணவுக் கழிவு வரும்வரை யானை வரும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை நிலத்தில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் இறந்திருக்கின்றன. உணவுக் கழிவை நகரத்திலேயே பிரித்துப் பசளையாக்கி, மின்வேலியை இடைவெளி நிலத்தின் வெளி ஓரத்தில் போட்டு, வேலியடியைச் செதுக்கி வைக்க வேண்டும்.

மூடலாம், ஆனால் அவசரமாகத் திடலாக்க வேண்டாம். கொழும்புப் பக்கத்து மீத்தொட்டமுல்லைக் குப்பை மேடு 2017 ஏப்ரல் 14 இல் சரிந்து 32 பேர் இறந்ததை மறக்க முடியாது. முதலில் சரிவைத் தணித்து, 45 சென்ரிமீற்றர் களிமண்ணை இறுக்கி, அதன்மேல் 15 சென்ரிமீற்றர் மேல்மண் போட்டுப் புல் வளர்க்க வேண்டும். மேற்பரப்பு தட்டையாக இருந்தால் மாரியில் நீர் தேங்கி உள்ளே இறங்கும், நூற்றுக்கு 3 முதல் 5 வரை சாய்வு வேண்டும். உள்ளே குப்பை உக்க உக்க மேற்பரப்பு பல வருடம் இடம் இடமாகத் தாழும், மண் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மீதேன் வெளியேறக் குழாய் வைக்க வேண்டும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீதேன் சேர்ந்தால் ஒரு பொறியில் வெடிக்கும், ஆகவே கழக அறையோ மலசலகூடமோ கிணறோ அங்கே கூடாது. மூடியபின் இந்தியா 15 வருடம், அமெரிக்கா 30 வருடம் கண்காணிக்கச் சொல்கின்றன. பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் "மூடிய குப்பை நிலம்" என்று துண்டு இலக்கத்தோடு எழுதுவித்து, அதன் பிரதியைக் கழகத்தின் கோப்பிலும் வையுங்கள்.